கேசட்டில் ஏறிய குறுக்கு விசாரணை

என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். உப்பளத் தகராறு, தோணித் தகராறு, சங்குக் குத்தகைத் தகராறு என்று இந்தக் கடற்கரையில் என்னென்ன தகராறு உண்டோ அத்தனையும் எங்கள் வீட்டு முன்னறைக்குள் வந்து போயிருக்கின்றன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் வாய்தா என்றால் என்ன, சாட்சியை எப்படித் தயார் செய்வது, எதிர்க்கட்சி வக்கீல் எந்த இடத்தில் மடக்குவான் என்பதெல்லாம் அடுக்களையில் இருந்தபடியே எனக்குப் பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவார். இந்தப் பக்கம் நான் மசாலை அரைத்துக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்றாலும் காதில் விழத்தானே செய்யும்.

சாட்சிகளுக்கு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததுக்கு வாயத் தொறக்காதே. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. பொய் சொல்லாதே. பொய் சொன்னேன்னா நானே உன்னைக் காட்டிக் கொடுத்துருவேன்." உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களும் தோணிக்காரர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அவர் பாதி ஓய்வில் இருந்தார். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்தன. காலையில் கோர்ட்டுக்குப் போய் தலையைக் காட்டிவிட்டு, வரும் வழியில் கடற்கரைச் சாலையில் நின்று கப்பல் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அந்தச் சமயத்தில்தான் அவர் படித்த சட்டக் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. கல்லூரியின் பழைய கதையை, அங்கே படித்தவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, டேப்பில் பிடித்து வைக்கப் போகிறார்களாம். கட்டடத்துக்கு எப்போது கல் வைத்தார்கள், யார் திறந்து வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் எந்த வாத்தியாருக்குப் பயந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதுதான் இல்லை. இப்போது கேட்டு வைக்காவிட்டால் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள், பிறகு யாரைக் கேட்பது என்று ஒரு விரிவுரையாளரை ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள். தென்கோடியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள்.

எனக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை பட்டணத்துக்குப் போய்ச் சட்டம் படித்தது எங்கள் பனங்காட்டு ஊர்களில் அப்போது பெரிய காரியம். அவருடைய கடைசி வருஷப் படிப்புக்கு நானும் பட்டணத்தில் இருந்தேன். கல்யாணமாகி வந்த புதிது. ஒண்டுக் குடித்தனம், ஒரே அறை, பொதுக் குழாய். அந்த அறையில் அவர் சத்தம் போட்டுப் பாடம் படிப்பார், நான் பக்கத்தில் அரிசி புடைப்பேன். அதனால் அந்தக் கல்லூரியில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. ரயிலடிக்குப் போய் விரிவுரையாளரை அழைத்து வந்தது எங்கள் குமாஸ்தா. அவர் வெகு காலமாக என் வீட்டுக்காரரோடு இருப்பவர். ஐயா என்றால் உயிர். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நூல் புடவை, கண்ணாடி, தோளில் ஒரு பை, கையில் டேப் ரிக்கார்டர். ஆணைத்தான் எதிர்பார்த்தோம் என்பதால் நான் ஒரு நொடி திகைத்தேன். பிறகு சந்தோஷமாகிவிட்டது.

குமாஸ்தா நேராக அடுக்களைக்கு வந்தார். "அம்மா, வழியெல்லாம் நம்ம ஐயா கதையைத்தான் சொல்லிட்டு வந்தேன். அந்தக் காய்ச்சல் கதையும் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு வந்துச்சு."

அந்தக் காய்ச்சல் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் வருஷா வருஷம் மாதிரிக் கோர்ட், அவர்கள் வாயில் மூட் கோர்ட், என்று ஒன்று நடக்கும். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நிஜ வழக்குப் போலவே வாதாட வேண்டும். நிஜ நீதிபதி ஒருவர் வந்து மேலே உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரரும் அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரும் ஒரு கட்சி. பேச எழுந்த என் வீட்டுக்காரர் நெருப்பாகக் கொதித்த காய்ச்சலில் பாதியில் முடியாமல் உட்கார்ந்துவிட்டார், இல்லாவிட்டால் மெடல் அவருக்குத்தான். இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. குமாஸ்தா இதை வைத்தே ஜூனியர்களை மேய்ப்பார். யாராவது தலைவலி என்று வாய்தா கேட்டால், "ஏலே, எங்க ஐயா காய்ச்சலோட நின்னு பேசுனவிய. உனக்குத் தலைவலிக்கு வாய்தாவா? போலே, போயி நில்லு" என்பார்.

காய்ச்சல் ஒன்றும் இல்லை. அது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், அவருக்கும் எனக்கும். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்துவிட்டு, கை காய்ந்து போகும் வரை எச்சில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்து, நடந்ததைச் சொன்னார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

முன்னறையில் மேசை மேல் டேப் ரிக்கார்டரை வைத்து, மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தாள் அந்தப் பெண். அவர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடையில் எதற்கு இது என்று கேட்டதற்கு, வாக்குமூலம் கொடுக்கிறவன் ஒழுங்காக இருக்க வேண்டாமா என்று என்னிடம் சிடுசிடுத்தார். நான் மோரும் மக்ரூனும் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். குமாஸ்தா அலமாரியை ஒட்டி நின்றார்.

"சார், நீங்க கல்லூரியில சேர்ந்த அனுபவத்தைச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தாள்.

"எதைச் சொல்லணும்?"

"எதை வேணும்னாலும் சொல்லலாம் சார்."

"அப்படிக் கேட்டா பதில் கிடையாது. கேள்வி குறிப்பா இருக்கணும்."

"சரி சார். ஹாஸ்டல்ல இருந்தீங்களா?"

"முதல்ல இருந்தேன்."

"ஹாஸ்டல் நல்லா இருந்ததா?"

"அபிப்பிராயம் கேக்கிய. நான் என்ன நிபுணர் சாட்சியா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தக் காலத்து வாத்தியார்கள் எல்லாம் ரொம்பக் கண்டிப்பா இருந்திருப்பாங்க, இல்லையா சார்?"

"பதிலைக் கேள்விக்குள்ளயே வச்சுக் கேக்கிய. இதை நான் அனுமதிக்க முடியாது."

"உங்களுக்குப் பிடிச்ச வாத்தியார் யார் சார்?"

"இறந்துட்டாரு."

இப்படியே போனது. கேசட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றும் விழவில்லை. நாற்பது வருஷம் சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் தானே சாட்சியாக உட்கார்ந்ததும், சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். எனக்கே எரிச்சல் வந்தது. வீட்டில் சாப்பிடும்போது கல்லூரிக் கதையாகக் கொட்டுகிறவர்! ஒரு வாத்தியார் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய், அதைக் கண்டுபிடிக்க வகுப்பையே விசாரணை செய்த கதையை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"அந்தக் குடைக் கதையைச் சொல்லுங்களேன்" என்றேன் கதவோரத்திலிருந்து.

"ஏளா, நீ சும்மா இரு. சாட்சிக்குப் பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேப்பை நிறுத்தினாள். "சார், உங்களை மட்டும் சொல்லலை. நான் பார்த்த வக்கீல்கள் எல்லாருமே இப்படித்தான். ஒருத்தர், பேசினது எல்லாத்தையும் டைப் அடிச்சுக் கொண்டா, வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னார். உங்க நண்பர் ஒருத்தர்தான் தாராளமாப் பேசினார். அவர் பேசினதைக் கொஞ்சம் போட்டுக் காட்டட்டுமா? கேட்டா உங்களுக்கும் பேச வரும்."

நண்பர் என்று அவள் சொன்னது அந்த மாதிரிக் கோர்ட்டில் கூட நின்றவரை. பிற்காலத்தில் நீதிபதியாகி ஓய்வு பெற்றவர். நாங்கள் பட்டணத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறைக்கு வந்து சாப்பிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "போடுங்க, போடுங்க. அவன் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாச்சு."

பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் போட்டாள். கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு அந்தக் குரல். வயதாகியிருந்தாலும் அதே குரல்தான். ஹாஸ்டல் கதை, கடற்கரையில் சுற்றிய கதை எல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் இது வந்தது.

"மூட் கோர்ட் பத்திச் சொல்லணும். என் பார்ட்னர் தூத்துக்குடிக்காரன். அருமையா தயார் பண்ணியிருந்தான். எழுந்தான், நாலு வார்த்தை பேசினான், மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது. அவ்வளவுதான்! பயந்துபோய் அப்படியே உட்கார்ந்துட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேற வழி? நான் எழுந்து பேசினேன். நான் வக்கீலானது அன்னைக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்வேன்."

அதன் பிறகு அந்தக் குரல் பெரிதாகச் சிரித்தது.

எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சட்டென்று நிறுத்திவிட்டாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ரிக்‌ஷாவில் வரும்போது குமாஸ்தா சொன்னது காய்ச்சல், கேசட்டில் இருப்பது பயம். ஹாஸ்டல் கதையோடு நிறுத்தாமல் மேலே ஓடவிட்டுவிட்டோமே என்று அவள் முகம் சிறுத்துப்போனது. குமாஸ்தா என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், பிறகு டேப் ரிக்கார்டரை எதிர்க்கட்சி வக்கீலைப் பார்ப்பது போல் முறைத்தார்.

"என்ன இப்படிச் சொல்லுதாவ? காய்ச்சல்லா அது?" என்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். "கல்லூரிக்கு இரண்டு பக்கமும் வேணும். உங்க தரப்பைச் சொல்லிட்டீங்கன்னா அதையும் சேர்த்து வச்சுடறோம். அன்னைக்கு என்ன நடந்தது?" புதுக் கேசட்டைப் போட்டு அமுக்கினாள்.

அவர் மைக்கைப் பார்த்து, "ஞாபகமில்லை" என்றார்.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குத் தெரியும். பொய் சொல்லவும் மனசில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை என்றால் சாட்சிகள் சொல்கிற பதில் அது. ஆனால் கேசட்டில் அது எப்படி ஏறும்? நீதிபதியாக இருந்தவர் பயந்து உட்கார்ந்தான் என்று சொல்லியிருக்கிறார், இவர் ஞாபகமில்லை என்கிறார். அப்போது பயந்ததுதான் நிலைக்கும். நாளைக்குக் கல்லூரி அலமாரியில் என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டால், பயந்து உட்கார்ந்தவர். வேறு ஒன்றும் அங்கே இருக்காது. இந்த ஊரில் நாற்பது வருஷம் வக்கீலாக நின்ற மனிதர்! என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனேன்.

"நான் சொல்லுதேன், எழுதிக்கோ தாயி. அன்னைக்கு அவியளுக்கு நெருப்பாக் காய்ச்சல். நானே தொட்டுப் பார்த்தேன்" என்றேன். மைக்கைப் பார்த்துத்தான் சொன்னேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

"ஏளா, உன்னை யாரு கேட்டா?" என்றார் அவர்.

"யாரும் கேக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்."

"நீ கல்லூரிக்குள்ள வந்தியா? கண்ணால பார்த்தியா?"

"வீட்டுல பார்த்தேன்லா? கொதிச்ச உடம்பு கல்லூரிக்குள்ள மட்டுமா கொதிக்கும்?"

குமாஸ்தா "அப்படிச் சொல்லுங்கம்மா" என்றார்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். என்னை அதட்டி உள்ளே அனுப்பத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். அவரும் அப்படி நினைத்துத்தான் எழுந்திருப்பார். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றதும், எதிரே ஒரு சாட்சி நிற்கிறது. பழக்கம் விடவில்லை.

"சரி. எந்த நேரம் தொட்டுப் பார்த்தே?"

"காலையில, நீங்க கெளம்பும்போது."

"நெருப்பாக் கொதிச்சுதுன்னு சொல்லுதே."

"ஆமா."

"அப்படிக் கொதிச்ச மனுஷனை ஏன் வெளிய போக விட்டே?"

"நான் சொன்னேன், நீங்க கேக்கலை."

"என்ன சொன்னே?"

"போகாதியன்னு சொன்னேன்."

"அந்த நேரம் பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்லை."

"சரி. சாயங்காலம் வந்ததும் என்ன கொடுத்தே?"

"சுக்குக் கசாயம்."

"சுக்கு எங்கன வாங்கினே?"

"ஊர்லேருந்து கொண்டு போனது."

இதுவரை நான் நன்றாகத்தான் நின்றேன். குமாஸ்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோர்ட்டில் நடக்கிற நடை அது. குரல் இறங்கி, பிரியமாக ஆகிவிட்டது. அந்தப் பிரியத்தில்தான் நான் ஏமாந்தேன்.

"பாவம், புதுசாக் குடித்தனம் வந்த பொண்ணு. பட்டணத்துல நம்ம ஊரு மாதிரி நல்ல மீன் கெடைக்கதே கஷ்டம், என்ன?"

"கஷ்டம்தான். ஆனா அன்னைக்குக் கெடைச்சுது."

"அப்படியா! என்ன மீனு?"

"சீலா. நீங்க செயிச்சுட்டு வருவியன்னு நெனைச்சு, தேடி அலைஞ்சுல்லா வாங்கினேன்."

"குழம்பு வச்சியா?"

"தேங்கா அரைச்சு, மாங்கா போட்டு வச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இல்லாமலா நீங்க ரெண்டாந்தரம் சோறு கேட்டிய?"

"நெருப்பாக் காய்ச்சல் அடிக்கவனுக்குக் கஞ்சி ஊத்தாம, சீலாக் குழம்பும் சோறும் போட்டிருக்கே. அவனும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுருக்கான். அப்படித்தானே?"

அவர் விரல் என் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வேற கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு, மேலே உட்கார்ந்திருக்கிற நீதிபதியைப் பார்க்கத் திரும்பினார். அங்கே நீதிபதி இல்லை. காலண்டர் தொங்கியது. கீழே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. தன் கட்சிச் சாட்சியைத் தானே உடைத்துப் போட்டுவிட்டார். குமாஸ்தா முதலில் சிரித்து, பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் டேப்பை நிறுத்தக் கை நீட்டினாள்.

"இதை அழிச்சுடலாம் சார். இதுக்கு மேலயே திரும்பப் பதிஞ்சா போதும், அழிஞ்சுடும்."

"அழிக்கக் கூடாது" என்றார் அவர். மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோரை எடுத்துக் குடித்தார். "பதிவானது பதிவானதுதான். இப்பக் கேளுங்க. எல்லாத்தையும் கேளுங்க."

"அன்னைக்கு என்ன நடந்தது சார்?"

"காய்ச்சல் இல்லை. மேல இருந்தவரு ஒரு கேள்வி கேட்டாரு. லேசான கேள்வி. இந்தக் கேள்வி வரும்னு முந்தின நாளே நான் எழுதி வச்சிருந்தேன். பதிலும் கையில இருந்த தாள்ல இருக்கு. வாயத் தொறக்கேன், சத்தம் வரலை. எல்லாரும் என்னையே பாக்காங்க. என்னை யாரும் உக்காரச் சொல்லலை. நானா உக்காந்தேன். அவன் எந்திரிச்சான். அது வரைக்கும் அவன் சொன்னது சரி."

"அப்போ காய்ச்சல்னு சொன்னது?"

"அதுவும் அவன்தான்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். எனக்கே இது புதிது. "மறுநாள் வாத்தியார் கூப்பிட்டுக் காரணம் கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, பக்கத்துல நின்ன அவன், காய்ச்சல் சார்னான். எனக்கு அவன் வாங்கிக் கொடுத்த வாய்தா அது. ஒரு நாளைக்கு வாங்கினது, நான் நாப்பது வருஷம் ஓட்டிட்டேன். கொடுத்தவன் மறந்தே போயிட்டான்."

பிறகு அவரே தலையைத் தூக்கினார்.

"இன்னொண்ணும் பதிஞ்சுக்கோங்க. அவன் எந்திரிச்சுப் பேசினேன்னு சொன்னான்லா, எப்படி முடிஞ்சுதுன்னு சொன்னானா?"

"இல்லையே சார். ஜெயிச்ச மாதிரிதான் எனக்குப் பட்டது."

"தோத்தோம். அவன் பேசின பேச்சுல எதிர்க்கட்சிக்காரன் பதில் சொல்லவே எந்திரிக்க வேண்டியிருக்கலை. நான் உக்காந்ததாவது பரவாயில்லை. அவனும் உக்காந்திருக்கலாம்."

அதற்கப்புறம் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. குடைக் கதை, ஹாஸ்டல் சமையல்காரரோடு சண்டை போட்ட கதை, ஒரே இரவல் அங்கியை எல்லாரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த கதை, எல்லாம் சொன்னார். கேசட்டைத் திருப்பிப் போட, மறுபக்கமும் ஓடியது. குமாஸ்தாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"இனிமே சூனியர்மாருகிட்ட நான் என்னத்தைச் சொல்லி வேலை வாங்குவேன்?"

"உள்ளதைச் சொல்லு. எங்க ஐயா ஒரு நாளு பயந்து உக்காந்தாவன்னு சொல்லு" என்றார் அவர்.

"ஆமா, சொன்னேன்னா தினமும் ஒருத்தன் உக்காருவான்."

சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். நான் பரிமாறினேன். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. அவர் உண்மையைச் சொன்னது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் என்ன? கல்லூரியில் இப்போது இரண்டு கேசட்டு, இரண்டிலும் ஒரே சேதி. உட்கார்ந்தார், உட்கார்ந்தேன். நண்பர் சொன்னதை இவரே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இவர் எழுந்தாரா இல்லையா என்பதை யார் சொல்வது? இவர் சொல்ல மாட்டார். தன்னைப் பற்றித் தானே நல்ல சாட்சி சொல்வது செல்லாது என்பார்.

கை கழுவி வந்ததும் அந்தப் பெண் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். நான் கேட்டேன். "தாயி, அதுல இன்னும் எடம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"அப்ப அதைப் போடு. நான் ஒண்ணு சொல்லணும்."

"ஏளா, மறுபடியுமா?" என்றார் அவர்.

"இது நான் கண்ணால பார்த்தது. நீங்க என்ன கேட்டாலும் சொல்லுதேன்."

அவள் பொத்தானை அமுக்கினாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"கீழவைப்பார்ல ஒரு தோணித் தண்டல் இருந்தான். தோணியை ஓட்டுற பெரிய ஆளு. கொழும்புக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன தோணி முங்கிப் போச்சு. தண்டல் மேலதான் தப்புன்னு மொதலாளி கேசு போட்டாரு. தண்டலுக்கு இவியதான் வக்கீல். தண்டல் பொஞ்சாதி எங்க வீட்டுக்கு வந்து, கோர்ட்டுக்குள்ள தனியாப் போகப் பயமா இருக்குன்னு அழுதா. நான் துணைக்குப் போனேன். இவியகிட்ட சொல்லலை. வக்கீல் வீட்டுப் பொம்பளை கோர்ட்டுல வந்து உக்காரலாமான்னு வைவாவன்னு, முக்காடு போட்டுக்கிட்டு அவளோட கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அவர் இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். இது அவருக்குத் தெரியாது.

"பேசினதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை புரியலை. எதிர்க்கட்சிக்கு மதுரையிலேருந்து பெரிய வக்கீல் வந்திருந்தாரு. இவிய பேச ஆரம்பிச்சா அவரு எந்திரிப்பாரு. அவரு எந்திரிச்சா இவிய உக்காரணும், அதுதான் வழக்கம் போலருக்கு. மேல இருந்தவரும் இவியளைத்தான் கேள்வி மேல கேள்வியாக் கேட்டாரு, சத்தம் போட்டாரு. தண்டல் பொஞ்சாதி என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஐயா உக்காந்துட்டாவளே, ஐயா உக்காந்துட்டாவளேன்னு நடுங்குதா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்த வக்கீல் உக்காந்ததும் இவிய எந்திரிச்சாவ. மறுபடி அவரு எந்திரிச்சாரு, இவிய உக்காந்தாவ. மறுபடி எந்திரிச்சாவ. காலையில ஆரம்பிச்சது, சாப்பாட்டுக்குக் கலையுற வரைக்கும் இப்படியே. எத்தனை தரம் உக்காந்தாவளோ அத்தனை தரமும் எந்திரிச்சாவ. இதையும் உங்க கல்லூரியில வச்சுக்கோங்க."

அந்தப் பெண் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "சாட்சியை ஏதாவது கேக்கணுமா சார்?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"தலையாட்டினா டேப்ல ஏறாது சார்."

"குறுக்கு விசாரணை இல்லை" என்றார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அந்தக் கேசுல சார் ஜெயிச்சாரா அம்மா?" என்று கேட்டாள்.

குமாஸ்தா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தீர்ப்புச் சொன்ன அன்னைக்கு நான் போகலை. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். கேசட்டை வெளியே எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் அவர் பெயரை எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேரும் எழுதணும்மா, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.